தொட்டிச் செடியில் கூடு கட்டும் கொண்டைக்குருவி: பெங்களூர் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை பிறந்ததும் ஆரம்பித்துவிடும். அல்சூரிலிருந்து ஒருவர், பனசங்கரியிலிருந்து ஒருவர், ஒயிட்ஃபீல்டு அடுக்குமாடியின் மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர் என்று வரிசையாக எனக்குப் படம் அனுப்புவார்கள். படத்தில் ஒரு பூந்தொட்டி, அதில் ஒரு கூடு, கூட்டில் இரண்டு முட்டை. கீழே ஒரு வரி: “இப்ப என்ன பண்றது?” ஒன்றும் பண்ண வேண்டாம் என்பதுதான் பதில். ஆனால் வீட்டுக்குள் குருவி வந்த சந்தோஷத்தில் யாராலும் சும்மா இருக்க முடிவதில்லை. அதனால் கேள்விகளை ஒவ்வொன்றாகவே எடுத்துக்கொள்வோம்.

எங்கள் பால்கனியில் கட்டியிருப்பது என்ன குருவி?

தலையில் கூரான கறுப்புக் கொண்டை, கண்ணுக்குப் பின்னால் சின்னதாக ஒரு சிவப்புத் திட்டு, வெள்ளைக் கன்னம், பழுப்பு முதுகு, வாலுக்கு அடியில் சிவப்பு. இதெல்லாம் இருந்தால் அது செம்மீசைச் சின்னான். அலகு முனையிலிருந்து வால் நுனி வரை சுமார் 20 செ.மீ. இருக்கும், மைனாவைவிடக் கொஞ்சம் சிறியது. நம் வீடுகளில் கொண்டைக்குருவி என்றோ புல்புல் என்றோ சொல்வார்கள். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரிடம் பிகளார என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்.

கண்ணோரச் சிவப்பு இல்லாமல், தலை முழுக்கக் கறுப்பாக, கொண்டை குட்டையாக, உடம்பில் செதில் செதிலாகக் கோலம் போட்ட மாதிரி இருந்தால் அது இதன் உறவுக்காரரான செம்புழைச் சின்னான். பறக்கும்போது அதற்கு வால் தொடங்கும் இடத்தில் வெள்ளை தெரியும். பெங்களூரில் இரண்டும் உண்டு. லால்பாக், கப்பன் பூங்கா, மரம் அடர்ந்த பழைய லேஅவுட்கள் செம்மீசைக்குப் பிடித்த இடங்கள். புறநகரில் முள்ளும் புதருமாக வறண்டு கிடக்கும் பக்கம் போனால் செம்புழை கூடுதலாகத் தெரியும். கீழே சொல்லும் பராமரிப்பு விஷயங்கள் இரண்டுக்குமே பொருந்தும்.

சின்னான் மேல் ஆர்வம் முற்றிப்போனவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பி நந்தி மலைக்குப் போகலாம். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத மஞ்சள் தொண்டைச் சின்னான் அங்கே இருக்கிறது. அது நம் பால்கனிக்கெல்லாம் வராது.

இரண்டு குருவி வருகிறதே, எது ஆண், எது பெண்?

உருவத்தை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். குஞ்சுகளை மட்டும் பிரித்துவிடலாம்: பறக்கத் தொடங்கிய இளங்குருவிக்குக் கன்னத்துச் சிவப்பு இன்னும் வந்திருக்காது, வாலடி வெளிறிய செம்மஞ்சளாக இருக்கும்.

வெளியே இத்தனை மரம் இருக்க, என் தொட்டிச் செடிதான் கிடைத்ததா?

இது உயரமான மரத்தைத் தேடும் பறவை இல்லை. ஆள் உயரத்துக்குள், புதர்ச் செடியில், மேலே இலை மறைப்பு இருக்கும் இடமாகப் பார்த்துக் கட்டும். ஒரு காலத்தில் பெங்களூர் பங்களாக்களின் காம்பவுண்டு ஓரம் முழுக்க மருதாணியும் செம்பருத்தியும் அடர்ந்து கிடந்தன. பங்களாவை இடித்து அடுக்குமாடி கட்டினோம். புதர்கள் எல்லாம் தொட்டிக்குள் ஏறி மாடிக்குப் போய்விட்டன. குருவியும் பின்னாலேயே போயிருக்கிறது, அவ்வளவுதான். அரேகா பாம், மல்லிப் பந்தல், தொங்கும் மணிபிளான்ட், மாட்டிவைத்த விளக்குக் கூடை, சுருட்டிவிட்ட கேபிள் வயர் என்று எதையும் விட்டுவைப்பதில்லை.

ஆள் புழங்கும் இடத்தில் காக்கையும் பூனையும் கொஞ்சம் தயங்கும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

கூட்டை எப்படிக் கட்டுகிறது?

பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் ஜன்னலுக்கு உள்ளே இருந்தே பாருங்கள். முதலில் ஒரு கவட்டையில் நாலைந்து காய்ந்த இலையும் மரப்பட்டை நாரும் வந்து விழும். அடுத்து மெல்லிய குச்சி, வேர், புல். இவற்றைச் சிலந்தி வலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அலகில் ஒட்டடையோடு வந்து கிளையில் தேய்த்துத் தேய்த்து ஒட்டுவதைப் பார்த்தால், பால்கனி ஒட்டடையை அடிக்காமல் விட்ட சோம்பல் எவ்வளவு உபயோகமானது என்று தெரியும். பிறகு குருவி நடுவில் உட்கார்ந்து நெஞ்சை அழுத்திக்கொண்டே சுற்றிச் சுற்றித் திரும்பும். அப்படித்தான் கூட்டுக்கு அந்தக் கிண்ண வடிவம் வருகிறது. உள்ளே மெல்லிய புல்லும் நாரும், வெளியே பெரிதாக ஏதாவது ஒரு அலங்காரம். காட்டில் என்றால் பட்டைச் சீவல். நம் தெருவில் என்றால் காகிதக் கிழிசல், பிளாஸ்டிக் பை, பால் பாக்கெட்டின் வெட்டிப்போட்ட மூலை. உதவுகிறேன் பேர்வழி என்று பஞ்சும் நூலும் தூக்கி வைக்காதீர்கள். நூல் குஞ்சின் காலில் சுற்றிக்கொண்டால் அறுத்துவிட ஆள் இருக்காது.

முட்டையிலிருந்து பறக்கும் வரை எத்தனை நாள் ஆகும்?

ஊருக்குப் போகும் டிக்கெட்டையும் பெயின்டரையும் எந்தத் தேதிக்குத் தள்ளுவது என்பதுதான் இந்தக் கேள்வியின் உள்ளர்த்தம். முதல் முட்டையிலிருந்து கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு மாதம்.

பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று முட்டை. வெளிறிய இளஞ்சிவப்பில் கருஞ்சிவப்புப் புள்ளிகள், பருத்த முனைப் பக்கம் புள்ளிகள் நெருங்கித் திட்டாகிவிடும். 2 செ.மீ. நீளம்தான் இருக்கும். அடைகாப்பு சுமார் 12 நாள். பொரிந்த குஞ்சுக்கு உடம்பில் ஒரு இறகு இருக்காது, கண் மூடியிருக்கும், உடம்பெல்லாம் வாய். செடி லேசாக அசைந்தாலே தாய் வந்துவிட்டதென்று அத்தனை வாயும் ஒன்றாகத் திறக்கும். பின்னர் முதுகிலும் இறக்கையிலும் கறுப்பாக ஊசி ஊசியாக முளைக்கும். ஊசி பிளந்து இறகாகும்.

தாயும் தகப்பனும் சேர்ந்தே ஊட்டும். ஆரம்பத்தில் புழு, பூச்சி, வெட்டுக்கிளிக் குட்டி. வளர வளரப் பழம். இந்தச் சமயத்தில் உன்னித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். ஊட்டி முடித்ததும் பெரியது உடனே பறந்துவிடாது, ஒரு நொடி நிற்கும். குஞ்சு பின்பக்கத்தைத் தூக்கும், வெள்ளையாக ஒரு சின்ன உருண்டை வரும். அது சவ்வுப் பைக்குள் இருக்கும் எச்சம். பெரியது அதை அப்படியே விழுங்கிவிடும், இல்லையென்றால் கவ்விக்கொண்டு போய்த் தூரத்தில் போடும். அதனால்தான் கூடும் கூட்டுக்குக் கீழே உள்ள தரையும் அவ்வளவு சுத்தமாக இருக்கின்றன. புறா கட்டிய இடத்தையும் சின்னான் கட்டிய இடத்தையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பொரிந்து இன்னொரு 12, 13 நாளில் கூட்டை விட்டு வெளியே வந்துவிடும். அன்றைக்கே நன்றாகப் பறக்கத் தெரியும் என்று நினைக்காதீர்கள். கிளைக்குக் கிளை தத்தும், கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து முழிக்கும். பெற்றோர் சில நாள் பின்னாலேயே அலைந்து ஊட்டுவார்கள்.

அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றலாமா?

ஊற்றலாம், ஊற்றத்தான் வேண்டும். செடி வாடினால் கூட்டுக்கு மறைப்பு போய்விடும். குருவி இரை தேடப் போயிருக்கும் நேரம் பார்த்து, குவளையில் எடுத்து, தொட்டி ஓரமாக மெதுவாக ஊற்றிவிட்டு நகருங்கள். ஹோஸ் பைப் வேண்டாம். பூச்சி மருந்து, வேப்பெண்ணெய்க் கரைசல் எதுவும் அந்த ஒரு மாதம் வேண்டாம். நீங்கள் கொல்ல நினைக்கும் கம்பளிப்பூச்சிதான் குஞ்சுக்குச் சாப்பாடு.

யுட்டிலிட்டியில் வாஷிங் மெஷினுக்கு மேலே கட்டிவிட்டது. தொட்டியைக் கொஞ்சம் நகர்த்தலாமா?

கூடாது. குருவி இடத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. இரண்டு அடி தள்ளி வைத்தாலே பழைய இடத்துக்கு வந்து தேடித் திகைத்து நிற்கும், சில சமயம் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடும். மெஷின் சத்தம் அதற்குப் பழகிவிடும். துணி காயப்போட நீங்கள் வந்து போவதும் பழகிவிடும். பழகாதது, செல்போனை நீட்டிக்கொண்டு முகத்துக்கு நேரே வருவதுதான்.

இரவில் மட்டும் கண்டிப்பாகப் பக்கத்தில் போகாதீர்கள், விளக்கைப் போட்டு எட்டிப் பார்க்காதீர்கள். இருட்டில் பயந்து பறந்தால் கூட்டுக்குத் திரும்பி வர வழி தெரியாது. முட்டையும் குஞ்சும் இரவு முழுக்கச் சூடில்லாமல் கிடக்கும்.

வெயில் நேராக அடிக்கிறது. ஏப்ரல் மழை வேறு வரப்போகிறது. ஏதாவது மறைப்பு கட்டட்டுமா?

வெயிலில் குருவியே குடை பிடிக்கும். இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு மேல் நிழலாக நிற்பதை மதியத்தில் பார்க்கலாம். மாங்காய் சீசனில் காற்றோடு அடிக்கும் ஆலங்கட்டி மழைதான் கொஞ்சம் மோசம். கூட்டைத் தொடாமல் நாலடி மேலே ஒரு தட்டி சாய்க்க முடிந்தால் சாய்க்கலாம், அதுவும் குஞ்சு பொரிந்த பிறகு. முட்டையாக இருக்கும்போது புதிதாக எதைக் கட்டினாலும் சந்தேகப்பட்டு விட்டுவிட வாய்ப்பு உண்டு.

வீட்டில் குருவி கூடு கட்டினால் நல்லது என்கிறார் எங்கள் மாமியார். உண்மையா?

மாமியார் சொல்வதைக் கேளுங்கள். வீட்டுக்கு என்ன நன்மை வரும் என்று என்னால் சொல்ல முடியாது. அந்த நம்பிக்கை உள்ள வீட்டில் கூட்டைக் கலைக்க மாட்டார்கள், எனக்கு அது போதும்.

மனிதக் கை பட்டால் தாய்ப் பறவை குஞ்சைச் சேர்த்துக்கொள்ளாதாமே?

அது பழைய கதை. கை பட்ட வாடைக்காகப் பறவைகள் குஞ்சைக் கைவிடுவதில்லை. விழுந்த குஞ்சைத் தயங்காமல் எடுத்துக் கூட்டில் வைக்கலாம். ஆனால் சும்மா பார்க்கவும் படம் பிடிக்கவும் திரும்பத் திரும்பப் போவது வேறு விஷயம். ஒவ்வொரு முறையும் குருவி பதறிப் பறக்கிறது. எதிர் மாடியில் உட்கார்ந்திருக்கும் காக்கை, அது எங்கிருந்து பறந்தது என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

குஞ்சு தரையில் கிடக்கிறது. அவசரம்!

முதலில் அதன் உடம்பைப் பாருங்கள்.

இறகே இல்லாமல், அல்லது ஊசி முளைத்த நிலையில் இருந்தால், அது கூட்டில் இருக்க வேண்டிய வயது. எடுத்து வைத்துவிடுங்கள். கூடு பிய்ந்து விழுந்திருந்தால் ஒரு சின்னப் பூக்கூடையில் பழைய கூட்டை அப்படியே வைத்து, அதே இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். அடியில் தண்ணீர் வடியும்படி இருக்க வேண்டும். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு ஒளிந்து பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வந்துவிடும்.

இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போகிறது என்றால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அது கூட்டை விட்டு வெளியே வந்த குருவி. திரும்பக் கூட்டில் திணித்தாலும் மறுபடி குதிக்கும். பூனை எட்டாத ஒரு செடி மேல் உட்கார வைத்துவிட்டு விலகிவிடுங்கள். பலர் இந்த வயதுக் குஞ்சைத்தான் ‘காப்பாற்றி’ அட்டைப் பெட்டியில் போட்டு வீட்டுக்குள் கொண்டுவருகிறார்கள். வெளியே பெற்றோர் வாயில் புழுவோடு கத்திக்கொண்டிருக்கும்.

வாயில் தண்ணீர் விடாதீர்கள். பறவைக்கு நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழல் திறப்பு இருக்கிறது, ஒரு சொட்டு அதில் இறங்கினால் முடிந்தது. பாலும் வேண்டாம், பாலில் நனைத்த ரொட்டியும் வேண்டாம். ரத்தமோ ஒடிந்த இறக்கையோ இருந்தாலும், பூனை கவ்வியிருந்தாலும், காற்றோட்டமான பெட்டியில் இருட்டாக வைத்து வனவிலங்கு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். கெங்கேரி பக்கம் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் அமைப்பின் மருத்துவமனை இருக்கிறது. பூனைப் பல் பட்ட இடம் வெளியே தெரியாது, உள்ளே சீழ் பிடிக்கும். அதனால் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்.

காலையில் பார்த்தால் முட்டையைக் காணோம். எங்கள் தப்பா?

வருடா வருடம் வரும் செய்திகளில் பாதி இதுதான், அனுப்புகிறவர் குரல் உடைந்திருக்கும். உங்கள் தப்பாக இருக்க வேண்டியதில்லை. காக்கை, செம்போத்து, பூனை, ஓணான், பாம்பு என்று கிண்ணக் கூட்டுக்கு எதிரிகள் ஏராளம். செம்போத்து செடிக்குள்ளேயே நுழைந்து நடந்து தேடும், அதற்கு மறைப்பும் ஒரு பொருட்டில்லை. குருவியும் சும்மா விடாது. கத்திக் கூப்பாடு போடும், சில சமயம் இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் புரண்டு எதிரியைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கும்.

இத்தனை தோல்வியையும் கணக்கில் வைத்துத்தான் இந்தப் பறவையின் வருடமே அமைந்திருக்கிறது. தென்னிந்தியாவில் டிசம்பர் முதல் மே வரை கூடு கட்டும் காலம் நீள்கிறது. ஒன்று போனால் அதே ஜோடி வேறு இடம் பார்த்து மறுபடி கட்டும். பத்து நாள் கழித்து மூன்றாவது வீட்டிலிருந்து எனக்கு ஒரு படம் வரும். அது உங்கள் குருவியாகவே இருக்கலாம்.

காக்கையை விரட்டிக்கொண்டே இருக்கலாமா? வலை கட்டலாமா?

நீங்கள் வீட்டில் இருக்கும்போது கண்ணில் பட்டால் விரட்டுங்கள், யார் வேண்டாம் என்றார்கள். ஆனால் கூடு இருக்கும் பால்கனிக்குப் புறா வலை போடும் வேலையை அந்த ஒரு மாதம் தள்ளி வையுங்கள். வலைக்காரர் வந்து கட்டிவிட்டுப் போன பிறகு, வெளியே குருவியும் உள்ளே குஞ்சுமாக நின்ற வீடுகள் உண்டு. ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே ஒரு மூலையை அவிழ்த்து விடுங்கள்.

கார் கண்ணாடியை நாள் முழுக்கக் கொத்துகிறது. பைத்தியமா?

தன் எல்லைக்குள் வேறொரு சின்னான் நுழைந்துவிட்டதென்று சண்டை போடுகிறது. கூடு கட்டும் காலத்தில் ஒரு ஜோடி 3,000 சதுர மீட்டர், அதாவது முக்கால் ஏக்கர் அளவுக்கு எல்லை வைத்துக்கொள்ளும். அதற்குள் தன் உருவமே கண்ணாடியில் தெரிந்தால் விடுமா? சைடு மிரருக்கு ஒரு பழைய சாக்ஸை மாட்டுங்கள். ஜன்னல் என்றால் வெளிப்பக்கம் செய்தித்தாளை ஒட்டுங்கள். உள்ளே திரை போட்டால் பிம்பம் இன்னும் பளிச்சென்று தெரியும்.

விடியுமுன்னே விசில் அடித்து எழுப்புவது இதுதானா?

அந்தப் பழி இதைச் சேராது. இருட்டு பிரியும் முன்னே, மொட்டை மாடி ஆன்டெனாவிலோ தண்ணீர்த் தொட்டியிலோ உட்கார்ந்து நீளமாக, விதவிதமாகப் பாடுவது பெரும்பாலும் குண்டுகரிச்சான். கறுப்பு வெள்ளை உடம்பு, தூக்கிய வால். மற்றப் பறவைகளின் குரலையும் நடுவில் சேர்த்துக்கொள்ளும். கோடையில் சுதி ஏற்றிக்கொண்டே கத்துவது குயில். செம்மீசைச் சின்னானின் பாட்டு துண்டு துண்டாக, மூன்று நாலு சுரம் சேர்ந்தது. ஏதோ குசலம் விசாரிப்பது போலத் துள்ளலாக இருக்கும். வெளிச்சம் வந்த பிறகு நாள் முழுக்க, பாட்டைவிடப் பேச்சாகவே கேட்கும். பூனை வந்தால் குரல் கரகரவென்று மாறிவிடும். அந்தக் குரல் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்ப் பாருங்கள்.

சாப்பிட என்ன வைக்கலாம்?

ஒரு தட்டில் தண்ணீர், இரண்டு விரல் ஆழம் போதும், நடுவில் ஒரு கல். டெங்கு ஊர் என்பதால் தினமும் கொட்டி மாற்றுங்கள். பழுத்த பப்பாளி, வாழைப்பழத் துண்டு வைத்தால் வரும். என்னைக் கேட்டால் தட்டில் வைப்பதைவிடச் செடி வைப்பது மேல். மணத்தக்காளி ஒரு தொட்டி, கறிவேப்பிலை ஒரு தொட்டி. கறிவேப்பிலையைப் பழுக்கவிட்டால் அந்தக் கறுப்புப் பழத்துக்கு அடிதடியே நடக்கும். இடம் இருந்தால் சிங்கப்பூர் செர்ரி, கன்னடத்தில் கசகசே ஹண்ணு என்பார்களே, அது. உண்ணிச் செடிப் பழமும் தின்னும், தின்று விதையை ஊரெல்லாம் விதைக்கும், அதை மட்டும் நீங்களாக வளர்க்காதீர்கள்.

தங்க அரளிக் காயையும் இது கொத்தித் தின்னும். மனிதருக்கும் மாட்டுக்கும் விஷமான அரளி இதை ஒன்றும் செய்வதில்லை. அதனால் குருவி தின்கிறதே என்று குழந்தைகள் எதையும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு குஞ்சை எடுத்துக் கூண்டில் வளர்க்கலாமா? பசங்க ஆசைப்படுகிறார்கள்.

முடியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும், அடைப்பதும், முட்டையை எடுப்பதும் குற்றம். அசாமில் மாக் பிகு என்ற அறுவடைத் திருவிழா சமயத்தில் சின்னான்களைச் சண்டைக்கு விடும் பழக்கத்துக்கு மாநில அரசு விதிமுறை வகுத்து அனுமதி கொடுத்தபோது, 2024 டிசம்பரில் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

கூண்டு ஆசையால் வேறு ஒன்றும் நடந்திருக்கிறது. கொண்டு போய் விட்டும், கூண்டிலிருந்து தப்பியும் இந்தப் பறவை சிட்னி, ஃபுளோரிடா, மொரீஷியஸ் வரை பரவிவிட்டது. மொரீஷியஸில் வெளியூர்க் களைச் செடிகளின் விதையைக் காட்டுக்குள் பரப்புகிறது என்று அங்கே தலைவலியாகப் பார்க்கிறார்கள். நம் பால்கனிச் செல்லம் அங்கே வேண்டாத விருந்தாளி.

அடுக்குமாடிச் சங்கத்திலிருந்து மழைக்கு முன்னால் செடிகளைக் கத்தரிக்க ஆள் வருகிறது. என்ன சொல்வது?

கத்தரிக்கும் மாதமும் கூடு கட்டும் மாதமும் ஒன்றாக வந்து தொலைக்கிறது. வேலியோரச் செடியை முழுக்க நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். தோட்டக்காரரிடமே நேரில் பேசுங்கள். எந்தப் புதரில் கூடு என்று அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அந்த ஒரு புதரை மட்டும் ஜூனுக்கு விடச் சொன்னால் விட்டுவிடுவார். மரத்தையே வெட்டுவது என்றால் அது வேறு வழக்கு. கர்நாடகத்தில் 1976-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி வேண்டும்.

குஞ்சுகள் போய்விட்டன. கூட்டை என்ன செய்ய?

இரண்டு வாரம் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம். சின்னான் பெரும்பாலும் புதுக் கூடுதான் கட்டும், பழையதை நம்பியிருப்பதில்லை. உள்ளே கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கும், கையுறை போட்டுக்கொண்டு எடுத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். செடியை மட்டும் ரொம்பக் கத்தரிக்காதீர்கள். சீசன் மே வரை இருக்கிறது.